சுவரோரக் கதிரை

டவுன்ஸ்வில்லில் பெப்ரவரி.
குளிரூட்டி மூச்சிரைக்கும் வகுப்பறை.
சமூகப் பணியாளர்கள் பதினொரு பேர், மூன்று நாள் பயிற்சி,
ஒருவரும் தொடாத முலாம்பழத் துண்டுகள் ஒரு தட்டு.

முதல் நாளே படிவம் தந்தார்கள்.
ஏழாம் கேள்வி:
போரிலிருந்து திரும்பியவர்களோடு வேலை செய்ய
உங்களைத் தடுக்கக்கூடிய சொந்த அனுபவம் ஏதும் உண்டா?
பதிலுக்கு விட்டிருந்த இடம்
ஒரு விரலகலம்.
இல்லை என்று எழுதினேன்.
விரலகலத்துக்குள் வேறென்ன அடங்கும்.

இரண்டாம் நாள் முழுக்க ஒரே வசனம்.
"சுற்றி வளைக்காதீர்கள்," என்றாள் பிரான்வின்.
"தப்பான யோசனை ஏதும்... என்று இழுக்காதீர்கள்.
சொல்லைச் சொல்லியே கேளுங்கள்.
கேட்பதால் அது வந்துவிடாது.
கேட்காவிட்டால் அவர் அதனோடு தனியே இருப்பார்."

தற்கொலை பற்றி யோசிக்கிறீர்களா?
ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னோம்,
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் போல.
லெய்லானி சிரித்தாள், பிறகு வெளியே போய்விட்டாள்.
நான் வீடு திரும்பும்போது காருக்குள் சொல்லிப் பார்த்தேன்,
ரோஸ் ஆற்றுப் பாலத்தில் ஒருமுறை,
சிவப்பு விளக்கில் ஒருமுறை.
பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.
ஆங்கிலத்தில் வந்தது.
தமிழில் நாக்கு புரளவில்லை.
சின்ன மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில்
"கிணத்தடியில் நடந்தது" என்றுதான் சொல்வோம்,
இருபது வருடமாய்,
ஏதோ கிணறுதான் குற்றவாளி போல.

மூன்றாம் நாள் டேரில் வந்தார்.
எங்கள் பயிற்சிக்காக நடிக்க ஒப்புக்கொண்ட
நிஜப் படைவீரர். காலாட்படை. உருஸ்கான், இரண்டு தடவை.
அரைக் காற்சட்டை, ரப்பர் செருப்பு,
வீட்டிலிருந்தே தூக்கி வந்த தேநீர்க் குவளை.
வாசலில் நின்று அறையை அளந்தார்:
சன்னல், பின்கதவு, யாருடைய கை எங்கே.
நேராக என்னிடம் வந்தார்.
"அது என் கதிரை," என்றார்.

முதுகு சுவருக்கு, முகம் வாசலுக்கு.
மூன்று நாளாய் நான் அதில்தான்.
தேடி எடுத்ததில்லை.
கால்கள் கொண்டுபோய் இருத்தின,
பேருந்திலும் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும்
பதினாறு வருடமாய் இருத்துவதுபோல.

"எந்த ஊர்?" "கிளிநொச்சி."
"ஓ," என்றார்.
அந்த ஓவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
அடியில் ஒன்றும் இல்லை.
சீருடை கண்டால் குனிந்துகொண்டு
அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே தூக்கிய கை
இப்போது குறிப்பேட்டைப் பிடித்திருந்தது,
அதே உயரத்தில்.

கதிரையை நான் விடவில்லை.
இன்னொன்றை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.
எதிரெதிரே, சற்றுச் சாய்வாக இருக்கவேண்டும் என்பது பாடம்.
நாங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல
இருவரும் வாசலைப் பார்த்து இருந்தோம்.
பிரான்வின் ஏதோ எழுதிக்கொண்டாள்.

கேட்டேன்.
"காகிதத்தைப் பார்த்துக் கேட்டாய். மறுபடி கேள்."
மறுபடி கேட்டேன்.
தேநீரை ஒரு மிடறு குடித்தார்.
"இந்த இடத்தில் 'இல்லை' என்று எழுதித் தந்திருக்கிறார்கள்,"
என்றவர், அட்டையை நாலாய் மடித்துப் பைக்குள் வைத்தார்.
"வகுப்பு முடிந்து கொஞ்சம் இருப்பாயா?"

இடைவேளையில் படிவத்தைத் திருப்பி வாங்கி
ஏழாம் கேள்வியில் 'இல்லை'யை வெட்டினேன்.
கதிரை, என்று எழுதினேன்.
பிரான்வின் விளக்கம் கேட்கட்டும், சொல்கிறேன்.

மாலை. முலாம்பழத் தட்டையும் எடுத்துப் போய்விட்டார்கள்.
நானும் அவரும், வாசலருகே பிரான்வின்.
அவர் பேசினார், பேசாமலும் இருந்தார்,
ஆள் அசைவே இல்லையென்று
விளக்குகள் தாமாக அணைந்தன.
இருட்டில் இரண்டு கைகள் ஒன்றாய் எழுந்து
கூரையைப் பார்த்து ஆட்டின.